ஓடைப் பாலத்தைச் சரிசெய்து திறந்துவிடுங்கள்: எங்கள் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

கவுன்சிலின் பொதுவழிப் பிரிவு அதிகாரிகளுக்கும், எங்கள் வட்டார உறுப்பினர்களுக்கும்,

லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளில் இருக்கும் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே ஓடையைக் கடக்கும் மரப்பாலத்தை மறுபடியும் "தற்காலிகமாக" மூடியிருக்கிறீர்கள். இரும்புத் தடுப்பில் தொங்கிய பழைய அறிவிப்பு மழையில் நைந்துபோயிருந்தது. அதை அவிழ்த்துவிட்டுப் புதிய அறிவிப்பைக் கட்டிப் போயிருக்கிறார் உங்கள் ஊழியர். காரணம் கேட்டு எழுதியவர்களுக்கு உங்களிடமிருந்து வந்தது இரண்டே வரி: அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு, ஆகவே பாலம் முன்னுரிமைப் பட்டியலில் கீழே இருக்கிறது.

அந்த இரண்டு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். தமிழில் இதைப் பொதுவில் வைக்கக் காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாலத்தை மூடியது நீங்கள். மூடிய பாலத்துக்குப் போகும் பாதையில் ஆள் குறையத்தான் செய்யும். அந்தக் குறைவையே காரணமாகக் காட்டிப் பாலத்தைச் சரிசெய்யாமல் விட்டால் இது எங்கே போய் நிற்கும்? இன்னும் சில வருடங்களில், "இங்கே யாரும் நடப்பதே இல்லை" என்று எழுதுவீர்கள். அன்றைக்கு அது உண்மையாகவும் இருக்கும். அந்த நாள் வரும்வரை நாங்கள் பேசாமல் இருக்கக் கூடாது.

உங்கள் கோப்பில் இந்தப் பாதை ஓர் எண். தேவாலயத்து வாசலில் புறப்பட்டு, சிக்கிமுக்கிக் கல் வைத்துக் கட்டிய மதிலை ஒட்டிப் போய், மேய்ச்சல் நிலம் ஒன்றைத் தாண்டி, பீச் மரக்காட்டுக்குள் நுழைகிறது அது. காட்டுக்குள் இரண்டு பக்கமும் கரை உயர்ந்து, பாதை ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கி ஓடும். அந்தப் பள்ளத்தை யாரும் திட்டம் போட்டு வெட்டவில்லை. காலும் குளம்பும் வண்டிச் சக்கரமும் மழைநீரும் நூற்றாண்டுக் கணக்கில் அறுத்து உண்டாக்கியது. ஹை விக்கம் ஊரின் நாற்காலிப் பட்டறைகளுக்கு சில்டர்ன் குன்றுகளின் பீச் காடுகளிலிருந்துதான் நாற்காலிக் கால்கள் போயின. கடைசல்காரர்கள் காட்டிலேயே கொட்டகை போட்டு, பச்சை மரத்தைப் பிளந்து அங்கேயே கடைந்து அனுப்பினார்கள். அவர்களைப் போன்றவர்கள் வேலைக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்து நடந்து உண்டாக்கிய வழிகள்தான் இன்றைக்கு உங்கள் வரைபடத்தில் புள்ளிக் கோடுகளாக இருக்கின்றன.

காட்டைத் தாண்டினால் சுண்ணாம்புக் குன்றின் சரிவு. வசந்தத்தில் காட்டின் தரை முழுக்க புளூபெல் பூத்துக் கிடக்கும். மேலே, 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விட்ட சிவப்புப் பருந்துகளின் சந்ததி, பிளவுபட்ட வால் விரித்து வட்டமடிக்கும். சரிவின் அடியில் ஒரு பெரிய வயல், அதற்கப்புறம் ஓடை, ஓடையின் மேல் அந்தப் பாலம், அக்கரையில் பக்கத்து ஊர். மருத்துவர் அலுவலகமும் மருந்துக் கடையும் பேருந்து நிறுத்தமும் அங்கேதான் இருக்கின்றன. பூ பார்க்க வருகிறவர்களுக்கும் மாத்திரை வாங்கப் போகிறவர்களுக்கும் இது ஒரே வழி. உங்கள் கடிதமோ இதை ஏதோ பொழுதுபோக்கு வசதி போலப் பேசுகிறது.

சட்டம் அப்படிப் பேசவில்லை. தேசியப் பூங்காக்கள், கிராமப்புற அணுகல் பற்றிய 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஊர் ஊராகப் பாரிஷ் கவுன்சில்கள் என்னும் ஊர்மன்றங்கள் தங்கள் எல்லைக்குள் இருந்த பாதைகளைக் கணக்கெடுத்துக் கொடுத்தன. அதிலிருந்துதான் நிலம் யாருடையதானாலும் மக்கள் நடக்க உரிமையுள்ள வழிகளைக் காட்டும், நீங்கள் வைத்திருக்கும் அறுதி வரைபடம் உருவானது. அதில் ஏறிவிட்ட பாதை பொதுவழி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்தச் சட்டமும் சும்மா வந்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று நடக்கும் உரிமை கேட்டு, கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறியதைத் தொடர்ந்து ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். பதிவில் ஏறாத பாதைகளின் கதியும் உங்களுக்குத் தெரியும். 2020இல் நடைப்பயணிகளுக்கான ராம்ப்ளர்ஸ் சங்கத்தார் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 49,000 மைலுக்கு மேல் பாதைகள் விடுபட்டுப் போயிருக்கலாம் என்று சொன்னார்கள். எங்கள் பாதை விடுபடவில்லை. பதிவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் காலால் நடக்க முடியவில்லை.

1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, பொதுவழிகளில் மக்களுக்குள்ள உரிமையை நிலைநாட்டிக் காப்பது நெடுஞ்சாலைப் பொறுப்பு வகிக்கும் உங்களைப் போன்ற கவுன்சிலின் கடமை என்கிறது. பணமிருந்தால் செய், ஆள் நடந்தால் செய் என்று அதில் எழுதியிருக்கவில்லை. சட்டத்தின் பார்வையில் எம்40 விரைவுச்சாலையும் பொது நெடுஞ்சாலைதான், இந்த ஒற்றையடிப் பாதையும் பொது நெடுஞ்சாலைதான். எம்40இல் ஒரு பாலம் ஆட்டம் கண்டால் தடுப்பைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

தற்காலிக மூடலுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒற்றையடிப் பாதையை மூட 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம் தருவது ஆறு மாதம். அதற்கு மேல் நீட்ட அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குள் வேலையை முடிப்பீர்கள் என்று நம்பித்தான் சட்டம் இந்த அனுமதியைக் கொடுத்திருக்கிறது. இங்கே ஒரு பலகைகூட மாற்றப்படவில்லை. வெள்ளம் வந்த குளிர்காலத்தில் உத்தரம் ஒன்று நகர்ந்து, கைப்பிடி சாய்ந்தது. அன்றைக்கு மூடியது சரி. அதை நாங்களும் ஒப்புக்கொண்டோம். இத்தனை நீட்டிப்புகளுக்குப் பிறகும் அதே உத்தரம் அதே இடத்தில் கிடப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் காட்டியிருக்கும் மாற்றுவழியில் யாராவது நடந்து பார்த்தீர்களா? அது வண்டிச் சாலை. இரண்டு பக்கமும் உயர்ந்த புதர்வேலி, ஒதுங்க ஓரமே இல்லை, நடைமேடை இல்லை, மூன்று வளைவு. வேக வரம்பு மணிக்கு 60 மைல். நடைமேடை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடக்க வேண்டும் என்கிறது போக்குவரத்து விதிநூல். வலப்பக்கமாகத் திரும்பும் வளைவில் அப்படி நடந்தால் எதிரே வரும் ஓட்டுநருக்கு நாம் தெரிய மாட்டோம். அதனால் வளைவுக்கு முன்பே சாலையைக் கடந்து, பிறகு திரும்பக் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் இதைத்தான் மாற்றுவழி என்று அறிவிப்பில் அச்சடித்திருக்கிறீர்கள்.

என் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கார் ஓட்டுவதில்லை. பாலம் இருந்தவரை கைத்தடியோடு மெதுவாக நடந்து மருத்துவரைப் பார்த்துவிட்டு, மருந்தும் வாங்கிக்கொண்டு வருவார். வழியில் நாலு பேரைப் பார்த்துப் பேசுவார். இப்போது டாக்ஸி. டாக்ஸி கிடைக்காத நாளில் போவதில்லை, போகவில்லை என்று யாரிடமும் சொல்வதும் இல்லை. முதியோர் பராமரிப்புதான் என் தொழில். நடமாட்டம் நின்ற பிறகு ஒருவர் எவ்வளவு சீக்கிரம் தளர்ந்து போகிறார் என்பதை வேலையில் பார்க்கிறேன். முதலில் கால், அப்புறம் பசி, அப்புறம் வெளியே போகும் துணிவு. உங்கள் வரவுசெலவில் பெரிய பங்கு முதியோர் பராமரிப்புக்கே போகிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறீர்கள். அந்தச் செலவு தொடங்கும் நாளை இந்த மாதிரிப் பாதைகள் தள்ளிப்போடுகின்றன. பணம் இல்லை என்ற உங்கள் பேச்சை நான் அலட்சியப்படுத்தவில்லை. அந்தப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவள் என்பதாலேயே இந்தப் பாலத்துக்குச் செலவழியுங்கள் என்கிறேன்.

பாலத்துக்கு முன்னால் இருக்கும் அந்தப் பெரிய வயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதை அதன் நடுவே குறுக்காகப் போகிறது. அதை உழ விவசாயிக்கு உரிமை உண்டு. அதோடு கடமையும் உண்டு. விதைப்புக்கு உழுதால் 14 நாளுக்குள் பாதையைத் திரும்ப நடக்கத் தோதாக்கி, கோடு கண்ணுக்குத் தெரியும்படி, குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு விட வேண்டும். பயிர் முளைத்து அதை மூடவும் விடக் கூடாது. 1990ஆம் ஆண்டுப் பொதுவழிச் சட்டம் கொண்டுவந்த விதி இது. எங்கள் ஊர்ப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் விதைத்த கையோடு டிராக்டர் சக்கரத்தைப் பாதை நெடுக ஒரு தரம் ஓட்டிவிடுவார். கோடு போட்டது போல வழி தெரியும். அவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் விவசாயிகளைப் பொதுவாகக் குறை சொல்லும் பேச்சில் நான் சேர்வதில்லை. ஆனால் ஓடைப் பக்கத்து வயலில் பாதை திரும்பப் போடப்படுவதே இல்லை. மே மாதம் எண்ணெய்க்கடுகு நெஞ்சளவுக்கு நிற்கிறது. தண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், மழை பெய்த மறுநாள் உள்ளே புகுந்தால் இடுப்பு வரை நனையும். ஓரமாகச் சுற்றிப் போனால், "பாதையை விட்டு ஏன் வருகிறாய்" என்று அதட்டல்.

இதை உங்கள் இணையதள வரைபடத்தில் குறி வைத்து, படத்தோடு புகார் செய்தோம். நான் மட்டும் இல்லை, ஊரில் பலர். பதிவானது என்று மின்னஞ்சல் வந்தது. அப்புறம் ஒருநாள் பார்த்தால் புகாரின் மேல் "முடிந்தது" என்று இருந்தது. வயலில் எதுவும் முடியவில்லை. வந்து பார்த்தவர் யார், என்ன பேசினார், ஏன் முடித்தார், ஒன்றும் அதில் இல்லை. இப்படி ஒருமுறை நடந்தால் மறுபடி எழுதுவார்கள். அதற்கப்புறமும் இதே பதில் என்றால் எழுதுவதை விட்டுவிடுவார்கள். பிறகு புகார்கள் குறைந்துவிட்டன என்று உங்கள் ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்ந்துவிடக் கூடாது.

தமிழில் எழுதக் காரணம் உண்டு என்றேனே, அது இதுதான்.

லண்டனின் வெம்ப்ளியிலும் ஹாரோவிலும் எங்கள் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹாரோவில் மெட்ரோபாலிட்டன் லைனில் ஏறினால், ரயில் மாறாமலே அமெர்ஷமிலோ செஷமிலோ வந்து இறங்கலாம். லண்டன் பாதாள ரயில் நேராகக் கொண்டுவந்து விடும் குன்றுகள் இவை. சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்களைப் பாதையில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

போன வசந்தத்தில் காட்டைத் தாண்டி வரும்போது தமிழ்ப் பேச்சுக் கேட்டது. ஒரு தம்பி, அவர் மனைவி, இரண்டு குழந்தைகள், சேலைக்கு மேல் கம்பளிச் சட்டையும் காலில் ஷூவுமாக அவருடைய அம்மா. வயல் முனையில் நின்றிருந்தார்கள். அங்கே மஞ்சள் அம்பு போட்ட கம்பம் ஒன்று இருந்தது, இப்போது இல்லை. அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில், "தனியார் நிலம், உள்ளே வராதீர்கள்" என்று ஒரு பலகை. கையில் இருந்த போனில் பாதை தெளிவாகத் தெரிகிறது. கண்ணெதிரே பலகை வேறு சொல்கிறது.

"இது பொதுவழிதான் தம்பி, தைரியமாப் போங்க" என்றேன்.

"வேண்டாம் அக்கா. போர்டு போட்டிருக்கான். யாராவது வந்து கேட்டா என்ன சொல்றது? பசங்க வேற இருக்காங்க."

நான் கூடவே வருகிறேன் என்று சொல்லி அழைத்துப் போனேன். பயிரைத் தள்ளிக்கொண்டு எப்படியோ ஓடைவரை போய்ச் சேர்ந்தோம். அங்கே உங்கள் இரும்புத் தடுப்பு. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் பேத்தியின் கையைப் பிடித்துத் திரும்பிவிட்டார். பக்கத்து ஊர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறுவதாக இருந்தார்கள். வந்த வழியே மறுபடி ஏறி ஸ்டேஷனுக்குப் போனார்கள். அந்தக் குடும்பம் இன்னொரு முறை இங்கே வருமா என்று எனக்குத் தெரியாது.

அதே நாளில் வேறு சிலர் அந்தத் தடுப்பைச் சுற்றிப் போய், ஓடையில் இறங்கிக் கடந்து போயிருப்பார்கள். இந்த ஊரிலேயே பிறந்து, தாத்தா காலத்திலிருந்து நடந்து பழகியவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், பலகையைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பயப்படுகிறவர்கள் புதிதாக வந்தவர்கள், வேறு நிறத்தவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள், காவல் துறையை யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று யோசிக்கிறவர்கள். பாதை பழுதானால் முதலில் திரும்பிப் போவது அவர்கள்தான். அவர்கள் உங்களுக்குப் புகார் எழுத மாட்டார்கள், உங்கள் கணக்கிலும் வர மாட்டார்கள். கிராமப்புறம் எல்லோருக்குமானது என்று உங்கள் கையேட்டின் அட்டையில் பல நிற முகங்களைப் போட்டிருக்கிறீர்கள். அந்த முகங்கள் நிஜத்தில் வந்து நிற்கும் இடம் இந்தப் பலகைதான். பொதுவழியில் மக்களைத் தடுக்கும் பொய்யான அறிவிப்பு வைப்பது 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைப் பிடுங்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

2020 ஊரடங்கில், நாளுக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்றபோது, ஊரே இந்தப் பாதையில்தான் நடந்தது. பாலத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக் காத்து நின்றோம். 2001இல் கோமாரி நோய்க்காக நாடெங்கும் பாதைகளை அடைத்தபோது, மதுச்சாலைகளும் விடுதிகளும் வெறிச்சோடிக் கிடந்ததை இங்கே மூத்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். பாதையில் ஆள் வருவதும் வராததும் பாதை திறந்திருப்பதைப் பொறுத்தது.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. அடுத்த குளிர்காலத்துக்கு முன் பாலத்தைச் சரிசெய்து முடிக்கும் தேதியை எழுத்தில் தாருங்கள். அதுவரை சாரக்கம்பி கொண்டு ஒரு தற்காலிக நடைபாலம் போடுங்கள். இந்தச் சாலை வளைவுகளை மாற்றுவழி என்று அறிவிப்பதை இன்றே நிறுத்துங்கள். பாலத்துக்கு ஆகும் செலவு மதிப்பீட்டையும், ஒவ்வொரு நீட்டிப்புக்கும் அமைச்சரிடம் நீங்கள் சொன்ன காரணத்தையும் வெளியிடுங்கள். தொகை தெரிந்தால் ஊர் என்ன சேர்க்க முடியும் என்று பாரிஷ் கவுன்சிலில் நாங்களே பேசுவோம். சில்டர்ன் சொசைட்டியின் தன்னார்வலர்கள் இந்தக் குன்றுகளில் பாதைகளைப் பராமரிப்பதைப் பார்க்கிறோம். இங்கேயும் கை கொடுக்க எங்களில் பலர் தயார். ஆனால் உத்தரம் மாற்றுவது உங்கள் பொறியாளர் கையெழுத்திட வேண்டிய வேலை.

ஓடைப் பக்கத்து நிலத்துக்காரருக்கு அடுத்த விதைப்புக்கு முன்பே சட்டப்படி நோட்டீஸ் அனுப்புங்கள். 14 நாளில் பாதை வராவிட்டால் நீங்களே வேலையைச் செய்து செலவை அவரிடம் வசூலிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அந்தப் பலகையை எடுக்க வையுங்கள். மஞ்சள் அம்புக் கம்பத்தைத் திரும்ப நடுங்கள். பாதை தார்ச்சாலையிலிருந்து பிரியும் இரண்டு முனையிலும் வழிகாட்டிக் கம்பம் வைப்பது 1968ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் சொல்லும் கடமை. மேய்ச்சல் நிலத்து வேலியில் ஏறி இறங்கும் மரப்படி உடைந்திருக்கிறது. நிலத்துக்காரர் சம்மதித்தால் அதற்குப் பதில் ஒரு சின்னக் கதவு வையுங்கள். படிக்குச் செலவழித்தாலும் கதவுக்குச் செலவழித்தாலும் குறைந்தது கால் பங்கு உங்களுடையதுதான், கதவு என்றால் என் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் போகலாம். புகாரை முடிக்கும்போது யார் எந்தத் தேதியில் வந்து பார்த்தார், என்ன கண்டார் என்று எழுதி முடியுங்கள்.

பாதையை உங்களில் யாராவது எங்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். தேவாலய வாசலில் எந்த நாள் சொன்னாலும் வந்து நிற்கிறோம்.

இந்த மடல் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பாலத்துக்குத் தேதி வராவிட்டால், நெடுஞ்சாலைச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி உங்களுக்கு முறையான நோட்டீஸ் கொடுப்போம். இது பொதுவழி என்பதையும் இதைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறீர்களா என்று அதில் கேட்போம். பதிலைப் பொறுத்து நீதிமன்றத்துக்கும் போவோம். அந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட ஊரில் பலர் முன்வந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கவுன்சிலுக்கு வரி கட்டும், இந்தப் பாதையில் நடக்கும் ஒருத்தி